நிலவேம்பும் கண்ணாடித் தட்டும்

காலில் முள் தைத்து விடுகிறது. முள்ளைப் பிடுங்கி எறிந்த பிறகும் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் என்பவர் எழுதி வைத்துப் போனார். இந்த நிகழ்ச்சிக்கு அழற்சி என்று பெயர்.

அழற்சி என்றாலே நோய் என்று எண்ணிப் பழகி விட்டோம். அது உடலின் காவல் வேலை என்பதை உலகுக்குக் காட்டியவர் மெச்னிகாவ் என்னும் ருஷ்ய விஞ்ஞானி. 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, கண்ணாடி போல ஊடுருவிப் பார்க்கக்கூடிய நட்சத்திர மீனின் லார்வாக்களில் சிறு முட்களைக் குத்தி வைத்தார் அவர். மறுநாள் பார்த்தால், நகரும் செல்கள் எங்கிருந்தோ கூட்டமாக வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன! நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் செய்வதும் இதே வேலைதான். இந்த வழியில் செய்த ஆராய்ச்சிகளுக்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். ‘இந்த மூலிகை மனித நோய்த்தடுப்புச் செல்களில் அழற்சியைத் தணிக்கிறது’ என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். மஞ்சள், துளசி, சீந்தில், நிலவேம்பு என்று மூலிகையின் பெயர் மட்டும் மாறும், வாக்கியம் மாறாது. படித்தவுடன், ‘பார்த்தாயா, நம் முன்னோர் சொன்னதை விஞ்ஞானிகளும் ஒப்புக் கொண்டு விட்டார்கள்’ என்று ஒருவர் மகிழ்வார். ‘எல்லாம் வெறும் புரளி’ என்று இன்னொருவர் பத்திரிகையை மடித்து வைப்பார். இரண்டு பேருமே அந்த ஆராய்ச்சியில் என்ன செய்தார்கள் என்று கேட்பதில்லை என்பதுதான் என் மனக்குறை. நிலவேம்பை எடுத்துக் கொண்டு அதைக் கேட்டுப் பார்ப்போமே.

பெயரில் வேம்பு இருந்தாலும் இந்தச் செடிக்கும் வேப்ப மரத்துக்கும் உறவில்லை. ஆடாதோடையும் நம் வீட்டுக் கனகாம்பரமும்தான் இதற்கு உறவினர்கள். கசப்பு ஒன்றே பொது. அந்தக் கசப்புக்கு முக்கியக் காரணமான பொருளை 1911-இல் கோர்ட்டர் என்பவர் பிரித்தெடுத்தார். ஆண்ட்ரோகிராபோலைடு என்பது அதன் பெயர். வாயில் நுழையாவிட்டாலும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். கட்டுரை முழுவதும் கூட வரப் போகிறது.

சோதனைச் சாலையில் என்ன செய்கிறார்கள்? ஒரு தன்னார்வலரின் இரத்தத்தைப் பெற்று அதிலிருந்து வெள்ளணுக்களைப் பிரிப்பார்கள். அல்லது ஏற்கெனவே வளர்ப்பில் உள்ள செல் வகை ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அத்தகைய வகைகளில் புகழ் பெற்றது டி.எச்.பி.-1. இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்திலிருந்து 1980-இல் ஜப்பானில் எடுக்கப்பட்ட செல்களின் வாரிசுகள் இவை. இன்றும் உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் பெருகிக் கொண்டிருக்கின்றன. இச்செல்களைக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தட்டில் ஊட்டநீரில் இட்டு, உடல் வெப்பநிலையில் வைப்பார்கள். பிறகு பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சிறிதளவு சேர்ப்பார்கள். பகைவன் வந்து விட்டான் என்று எண்ணிச் செல்கள் அபாயச் சங்கை ஊதும். அந்தச் சங்கொலி என்பது டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்கள். அவை எவ்வளவு சுரந்தன என்று அளப்பார்கள். அடுத்த தட்டில் மூலிகைப் பொருளையும் சேர்த்துவிட்டு அளப்பார்கள். இரண்டாவது தட்டில் அளவு குறைந்திருந்தால், ‘அழற்சி தணிந்தது’ என்று எழுதுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செல்கள் செத்துப் போனாலும் சங்கொலி நின்றுவிடும்! ஆகவே நல்ல ஆராய்ச்சியாளர் முதலில் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று தனியாகச் சோதிப்பார். இந்தச் சோதனை இல்லாத ஆய்வுக் கட்டுரையைப் பாதியிலேயே மூடி வைத்து விடலாம்.

ஆண்ட்ரோகிராபோலைடு இச்சோதனையில் நன்றாகவே தேறியது. செல்களைக் கொல்லாமலே சங்கொலியைக் குறைத்தது. எப்படிக் குறைத்தது என்பதும் ஓரளவு தெரியும். 1986-இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவரும் என்.எஃப்.-கப்பா-பி என்னும் புரதத்தைக் கண்டறிந்தார்கள். செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சிக்கான ஜீன்களைத் தட்டி எழுப்பும் புரதம் இது. இதில் பி-50 என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியில் 62-ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தை ஆண்ட்ரோகிராபோலைடு பற்றிக் கொண்டு விடுகிறது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிடிபட்ட புரதத்தால் ஜீனில் போய் ஒட்ட முடிவதில்லை. பல நூற்றாண்டுகளாகக் கசாயமாகக் குடித்து வந்த ஒரு கசப்பு, செல்லுக்குள் எந்தப் புரதத்தில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பது வரை தெரிந்து கொண்டிருக்கிறோம். எனக்கு இது மிகப் பெரிய வியப்பு. கசாயத்தைக் கேலி செய்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

ஆனால் தட்டு வேறு, மனிதன் வேறு. எவ்வளவு வேறு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்து விடலாம். உங்கள் வேதியியல் பாடத்தில் படித்ததே போதும்.

தட்டுச் சோதனைகளில் ஆண்ட்ரோகிராபோலைடைப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் அளவிலும் அதற்கு மேலும் பயன்படுத்துகிறார்கள். அதன் மூலக்கூறு எடை 350. ஆகவே 10 மைக்ரோமோலார் என்றால் ஒரு லிட்டரில் 3.5 மில்லிகிராம். நீரில் எளிதில் கரையாத பொருள் என்பதால் அதை வேறொரு கரைப்பானில் கரைத்துத் தட்டில் விடுகிறார்கள். கசாயத்துக்கு அந்த வசதி கிடையாது. மனிதன் விழுங்கியது இரத்தத்தில் எவ்வளவு சேருகிறது? நிலவேம்பு மாத்திரை மூலம் 20 மில்லிகிராம் ஆண்ட்ரோகிராபோலைடு விழுங்கியவர்களிடம் அளந்து பார்த்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மிக உயர்ந்த அளவே லிட்டருக்கு 0.4 மில்லிகிராமுக்கும் கீழே! தட்டில் இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு. அதுவும் ஓரிரு மணி நேரத்துக்குப் பின் இறங்கத் தொடங்கி விடுகிறது. குடற்சுவரில் உள்ள செல்கள் வந்த பொருளைப் பிடித்துத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளுகின்றன. தப்பி உள்ளே போனதையும் கல்லீரல் உருமாற்றி வெளியேற்றுகிறது. ‘கண்ட பொருளையும் உள்ளே விடாதே’ என்பதுதான் குடலுக்கு இயற்கை இட்ட கட்டளை. மூலிகை என்பதற்காக அது கதவைத் திறந்து வைக்காது.

அப்படியானால் அதிகமாகக் குடித்தால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். எய்ட்ஸ் கிருமி தொற்றியவர்கள் 13 பேருக்கும் தொற்று இல்லாத 5 பேருக்கும் அமெரிக்காவில் ஆண்ட்ரோகிராபோலைடு கொடுத்துப் பார்த்தார்கள். முதல் 3 வாரம் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், அடுத்த 3 வாரம் 10 மில்லிகிராம், பிறகு 20 மில்லிகிராம் என்பது திட்டம். 20-க்குப் போகவே முடியவில்லை. பலருக்கும் பக்க விளைவுகள் தோன்றின. ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சியே ஏற்பட்டது. ஆறாவது வாரத்தில் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். மருந்தை நிறுத்தியதும் எல்லாரும் குணமடைந்தார்கள் என்பது ஆறுதல். ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் நிலவேம்பு கலந்த மாத்திரைகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வருவதை 2015-இல் எடுத்துக் காட்டியது. இயற்கைப் பொருளுக்குப் பக்க விளைவு கிடையாது என்று யாராவது சொன்னால், செல்லுக்குள் புரதத்தைப் பிடிக்கும் சக்தி உள்ள பொருள், நமக்கு வேண்டிய புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்குமா என்று திருப்பிக் கேளுங்கள்.

இரத்தத்தில் சேரவில்லை என்றால் போகட்டும். குடலிலேயே அழற்சி இருந்தால்? அங்கே மருந்து நேராகப் போய்ச் சேருமே! இப்படி யோசித்தவர்கள் கெட்டிக்காரர்கள். பெருங்குடலில் புண் உண்டாகும் நோய் ஒன்று உண்டு. வெள்ளணுக்கள் ஓயாமல் சங்கு ஊதுவதால் வருவது அது. அந்நோய் கண்ட 224 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் நிலவேம்புச் சாறப் பொருள், இன்னொன்றுக்கு 1800 மில்லிகிராம், மூன்றாவதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று 8 வாரம் கொடுத்தார்கள். 2013-இல் முடிவு வெளியாயிற்று. 1800 மில்லிகிராம் பெற்றவர்களில் 100-க்கு 60 பேர் தேறினார்கள். 1200 பெற்றவர்களில் 45 பேர். வெற்று மாத்திரை விழுங்கியவர்களில்?

100-க்கு 40 பேர்!

இந்த 40 என்ற எண்ணை நான் மறப்பதே இல்லை. ஒன்றுமே இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களில் பத்துக்கு நான்கு பேர் தேறியிருக்கிறார்கள். ஒப்பிட இந்தப் பிரிவு இல்லாதிருந்தால், ‘நிலவேம்பு பாதிப் பேரைக் குணமாக்கியது’ என்று 1200 மில்லிகிராமுக்கும் விழா எடுத்திருப்போம். 1800-இன் முடிவு நம்பிக்கை தந்ததால் இன்னும் பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 2014-இல் இடையில் கணக்குப் பார்த்தபோது வெற்றி கிட்டும் வாய்ப்பு இல்லை என்று தெரிந்து, பாதியிலேயே நிறுத்தி விட்டார்கள். தட்டில் வென்று, சிறு ஆய்வில் வென்று, பெரிய ஆய்வில் நின்று போன கதை இது. மேல்நாட்டு மருந்துகளிலும் பெரும்பாலானவற்றின் கதி இதுதான்; நிலவேம்புக்கு மட்டும் நேர்ந்த அவமானம் ஒன்றும் இல்லை.

தற்செயல் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்குத் தாய்லாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்கும் நிலவேம்பு பழைய மருந்து. ‘ஃபா தலாய் சோன்’ என்பார்கள். வானம் திருடனை வீழ்த்தும் என்பது போலப் பொருள் வரும். கோவிட் காலத்தில் லேசான நோய் கண்ட 57 பேரை எடுத்துக் கொண்டு, 29 பேருக்கு நிலவேம்புச் சாறும் 28 பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். நிலவேம்பு பெற்றவர்களில் ஒருவருக்கும் நிமோனியா வரவில்லை. மற்றவர்களில் 3 பேருக்கு வந்தது. பூஜ்யம் எங்கே, மூன்று எங்கே! இது தற்செயலாக நடக்க 100-க்கு 4 வாய்ப்புத்தான் உண்டு என்று முதலில் கணக்கிட்டார்கள். 100-க்கு 5-க்குக் கீழே இருந்தால் பொருட்படுத்தத் தக்கது என்பது ஆராய்ச்சியாளர்களின் வழக்கம்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மருந்துக்கு எந்தச் சக்தியும் இல்லை என்று வைத்துக் கொள்வோம். 57 பேரில் எப்படியும் 3 பேருக்கு நிமோனியா வரப் போகிறது. அந்த மூவருமே 28 பேர் கொண்ட பிரிவில் அமைந்துவிட வாய்ப்பு எவ்வளவு? முதல் ஆளுக்கு 57-இல் 28. அடுத்தவருக்கு 56-இல் 27. மூன்றாமவருக்கு 55-இல் 26. மூன்றையும் பெருக்கினால் 0.112 வரும். அதாவது 100-க்கு 11 வாய்ப்பு! பகடை உருட்டும் விளையாட்டில் இது அதிசயமே அல்ல. பிழையை உணர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் தங்கள் கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். அந்த நேர்மைக்குத் தலை வணங்க வேண்டும். முதல் கணக்கைக் கேட்டு ஊரெல்லாம் பரப்பியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது கணக்கையும் பரப்பினார்களோ!

இன்னொன்றும் எனக்கு விளங்குவதில்லை. ஒரே மூலிகைப் புட்டியின் மேல் ‘நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்’ என்றும் ‘அழற்சியைத் தணிக்கும்’ என்றும் சேர்த்து அச்சிடுகிறார்கள். அழற்சி நோய் எதிர்ப்பின் முக்கியமான ஆயுதம் என்று மேலே பார்த்தோம். ஆயுதத்தைக் கூர்மையாக்குவதும் மழுங்கச் செய்வதும் ஒரே மருந்தால் ஒரே நேரத்தில் எப்படி முடியும்? எப்போது மழுங்கச் செய்வது என்பதும் முக்கியம். 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் என்ற மருந்து, மூச்சுக் கருவி பொருத்தப்பட்ட கோவிட் நோயாளிகளின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ அதே மருந்தால் ஒரு பயனும் இல்லை.

டெங்குக் காய்ச்சலில் இது இன்னும் கூர்மையாகிறது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் இரண்டுமே அழற்சியைத் தணிப்பவை. ஆனால் டெங்குவில் அவற்றைக் கொடுக்கக் கூடாது. இரத்தக் கசிவு வந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஆண்ட்ரோகிராபோலைடும் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது என்று சோதனைச் சாலைத் தட்டிலேயே கண்டிருக்கிறார்கள். உடனே பயந்து விடாதீர்கள். தட்டு வேறு, மனிதன் வேறு என்ற கணக்கு இதற்கும் பொருந்தும். ஆனால் தட்டில் கிடைத்த நல்ல முடிவை மட்டும் மேடையில் சொல்லி, கெட்ட முடிவை மறைப்பது முறையல்ல. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும்.

மூலிகையிலிருந்து உண்மையான அழற்சி மருந்து வந்ததே இல்லையா? வந்திருக்கிறது, நம் வயல்களிலிருந்தே போகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை, கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் பயிர் செய்கிறார்கள். அதன் விதையிலிருந்து கால்கிசின் என்னும் மருந்தை எடுக்கிறார்கள். கவுட் எனப்படும் மூட்டு அழற்சிக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் மருந்து அது. வெள்ளணுவுக்குள் உள்ள நுண்ணிய குழாய்கள் உருவாகாமல் தடுத்து, அது மூட்டை நோக்கி நகர்வதைக் குறைக்கிறது. ஒரு மாத்திரை எவ்வளவு தெரியுமா? அரை மில்லிகிராம் அளவுதான். இரத்தத்தில் மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் வெள்ளணுக்களுக்குள் போய்ச் சேர்ந்து தங்கிவிடும். ஆகவே இரத்தத்தில் குறைவு என்ற ஒரே காரணத்தால் ஒரு மூலிகையைத் தள்ளிவிடவும் முடியாது. அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதே கண்வலிக்கிழங்கைத் தின்றவர்கள் இறந்தும் போயிருக்கிறார்கள். மருந்தையும் நஞ்சையும் பிரித்து நிற்பது தராசின் முள் ஒன்றுதான்.

இனி நம் ஊருக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். 2012-இலும் 2017-இலும் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீரை அரசு மருத்துவமனைகளிலும் தெருமுனைகளிலும் ஏராளமாக வழங்கினார்கள். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவையும் சேர்ந்து ஒன்பது பொருள்கள் கொண்டது அது. குடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். டெங்கு கண்டவர்களில் பெரும்பாலோர் எதையும் குடிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக் கொண்டு, ஆபத்து அறிகுறி தோன்றியதும் மருத்துவமனைக்குப் போவதுதான் உயிரைக் காப்பது. எல்லாருக்கும் வழங்கிவிட்டு, ‘பலன் தந்தது’ என்றோ ‘தரவில்லை’ என்றோ சொல்ல வழியே கிடையாது. இத்தனை ஆயிரம் பேர் குடித்தும் ஒன்றும் கற்றுக் கொள்ளாமல் போவது வீண் அல்லவா? அடுத்த மழைக் காலத்தில் மருத்துவமனையில் சேரும் டெங்கு நோயாளிகளை, அவர்கள் சம்மதத்தோடு, சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாக்க வேண்டும். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடவே நிலவேம்புக் குடிநீர். யாருக்கு இரத்தக் கசிவு, எத்தனை நாள் காய்ச்சல் என்று எண்ணிக் கொண்டே வர வேண்டும். நம்மிடம் சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆங்கில மருத்துவர்கள் இருக்கிறார்கள், நோயாளிகளுக்கும் குறைவில்லை. மனம்தான் வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. தாய்லாந்திலும் மற்ற நாடுகளிலும் சாற்றை மாத்திரையாக்கிக் கொடுத்தார்கள்; வெற்று மாத்திரை செய்வது எளிது. நாம் கொடுப்பது குடிநீர். நிலவேம்பின் கசப்பு, குடித்தவரிடம் அரை மணி நேரம் நாவை விட்டுப் போகாது. ‘எனக்குக் கிடைத்தது உண்மை மருந்தா, போலியா?’ என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது என்றால், அதே அளவு கசக்கும், அதே நிறமுள்ள, ஆனால் காய்ச்சலில் எந்த மாற்றமும் செய்யாத ஒரு பானம் வேண்டும். பாகற்காய்ச் சாறு என்று உடனே சொல்லி விடாதீர்கள். அது இரத்தச் சர்க்கரையைக் குறைக்குமோ என்ற கேள்வி எழும். வேப்பிலையும் சரிப்படாது, அதற்கும் மருந்து என்ற பெயர் உண்டு. வேறு எதைக் காய்ச்சிக் கொடுக்கலாம்?